பாக்கின் "ஓ மென்ஷ், பெவைன்": எவ்வளவு மெதுவாக வாசிப்பது?

வெண்கட்டை

அனைவருக்கும் வணக்கம். லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) ஒரு ஞாயிறு, எங்கள் ஆலயத்தில் ஆராதனை தொடங்குவதற்கு முன் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் "ஓ மென்ஷ், பெவைன் டைன் சுண்டே க்ரோஸ்" (பாக் படைப்புப் பட்டியலான பி.டபிள்யூ.வி.யில் எண் 622) வாசிக்கலாம் என்று இருக்கிறேன். "மனிதனே, உன் பெரும்பாவத்தை நினைத்து அழு" என்று தொடங்கும் ஜெர்மன் பாடலை எடுத்து அவர் எழுதிய கோரல் பிரெலூட் அது, அதாவது சபைப் பாட்டை (கோரல்) வைத்து ஆர்கனுக்கு எழுதிய முன்னிசை. மொத்தமே 24 பார், அதாவது 24 தாளச் சுற்று. எங்களிடம் இருப்பது இரண்டு மேனுவலும் (கையால் வாசிக்கும் கட்டை வரிசை) காலால் மிதிக்கும் பெடலும் கொண்ட எலெக்ட்ரானிக் ஆர்கன்.

ஸ்வரங்கள் கைக்கு வந்துவிட்டன. வேகம்தான் பிடிபடவில்லை. பாக் தலைப்பில் "அடாஜியோ அஸ்ஸாய்" (மிக மெதுவாக) என்று எழுதி, முடிவில் "அடாஜிஸ்ஸிமோ" என்று இன்னும் இழுக்கச் சொல்கிறார். கேட்ட ஒலிப்பதிவுகளில் சில ஐந்து நிமிடத்துக்குள் முடிகின்றன, சில ஆறு நிமிடத்தைத் தாண்டுகின்றன. நான் மெதுவாக வாசித்தால் பாட்டு துண்டுதுண்டாக உடைகிறது. சற்றே வேகம் கூட்டினால் வலது கை பயிற்சிப் பாடம் போலக் கேட்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மிதிபலகை

தம்பி, மெட்ரோனோமைத் தொடுவதற்கு முன் அந்தப் பாட்டை வாயால் பாடிப் பாருங்கள். அலங்காரத்தோடு அல்ல, வெறும் பாட்டை. பாக்கின் பிரெலூடில் மேல் குரல் முழுக்கச் சிறு ஸ்வரங்கள் மொய்த்துக் கிடக்கின்றன. அவற்றை எல்லாம் உரித்துவிட்டால் அடியில் இருப்பது சபையார் பாடும் எளிய பாட்டுதான். நம்மவர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஈ ஃப்ளாட்டை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் முதல் அடி ஸ ஸ ரி க, ஸ க ம ப. இதை எந்தக் குழந்தையும் பாடிவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பாட்டு 12 அடி. பாக் ஒவ்வோர் அடிக்கும் 2 பார் ஒதுக்கியிருக்கிறார். ஒரு பாருக்கு எட்டு குவேவர் (அரைத் தட்டு), 24 பார் என்றால் 192 குவேவர். நான்கு நிமிடத்தில் முடித்தால் நிமிடத்துக்கு 48 குவேவர். ஓர் அடிக்கு 20 விநாடி. ஆறு நிமிடம் எடுத்தால் நிமிடத்துக்கு 32 குவேவர். ஓர் அடிக்கு 30 விநாடி. 20 விநாடி என்பது பழகிய குரல் ஒரே மூச்சில் தாங்கிவிடக்கூடிய நீளம். 30 விநாடி போனால் நடுவில் எங்காவது மூச்சு வாங்கியே ஆக வேண்டும். நீங்கள் சொல்லும் "துண்டுதுண்டாக உடைகிறது" அந்த எல்லையில்தான் தொடங்குகிறது. அடியின் முதல் ஸ்வரம் காதை விட்டுப் போன பிறகு கடைசி ஸ்வரம் வந்தால், கேட்பவருக்கு அது ஓர் அடியாகவே படாது.

ஆகவே என் கட்சி: ஐந்து நிமிடத்தை ஒட்டி. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் போங்கள், ஆனால் ஒவ்வோர் அடியும் ஒரே மூச்சாகக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இன்னொன்று. பியானோவில் மெதுவாக வாசிக்கப் பழகியவர்கள் ஆர்கனில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. பியானோவில் அடித்த ஸ்வரம் அடித்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். ஆர்கனில் தேய்வே கிடையாது. கட்டையை அழுத்தினால் குழலுக்குக் கீழே ஒரு வால்வு திறக்கும், காற்று ஏறும், விரலை எடுக்கும் வரை அதே அளவில் ஒலிக்கும். அழுத்தமாக அடித்தாலும் மெல்ல அடித்தாலும் ஒலியளவு ஒன்றுதான். அப்படியானால் வாசிப்பவன் கையில் மிஞ்சியிருப்பது எது? ஸ்வரத்தை எப்போது விடுவது என்பதுதான். ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் முன் விரலை எவ்வளவு முன்னதாக எடுக்கிறீர்கள் என்பதில்தான் மூச்சு இருக்கிறது. உங்களுடையது எலெக்ட்ரானிக் ஆர்கனாக இருந்தாலும் இது அப்படியே பொருந்தும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பெடலைத் தயவுசெய்து இந்தப் பாட்டில் தொடாதீர்கள்.

தோடிப்பிரியன்

நான் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன். ஆர்கன் இசையில் எனக்குப் பயிற்சி கிடையாது. ஐயா எழுதிய ஸ ஸ ரி க, ஸ க ம ப என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இப்போது கேட்டேன். இதற்கு முன் கேட்டபோது ஏதோ அலைவது போல இருந்தது. இப்போது ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே வந்து உட்காருகிறது என்று தெரிகிறது. ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்குப் போகும் வழியில் எவ்வளவு சஞ்சாரம்! இது கமகம்தானே? விளம்ப காலத்தில் ஒரு நல்ல பாடகர் செய்வதைத்தானே இவரும் செய்கிறார்?

மிதிபலகை

அவசரப்படாதீர்கள். கமகம் என்றால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வேண்டும், ஸ்வரமே அசைய வேண்டும். ஆர்கன் குழலால் அது முடியாது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரே ஸ்ருதி. இங்கே இருப்பது தனித்தனி ஸ்வரங்களை நெருக்கமாகக் கோத்த அலங்காரம். பிருகாவுக்கு, அதாவது வேகமாக உதிரும் ஸ்வரக் கோவைக்கு, சற்று அருகில் வரும் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

வேறு ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. நம் பாடகர் அதைக் கச்சேரியில் அந்த நேரத்துக்கு உருவாக்குகிறார். பாக் இங்கே ஒவ்வொரு ஸ்வரத்தையும் தாளில் எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் இதை வாசிப்பவரின் ரசனைக்கு விடுவதுதான் பொது வழக்கம். 1737இல் யோஹான் அடோல்ஃப் ஷைபே என்ற விமர்சகர் பாக்கைக் கடுமையாகத் தாக்கி எழுதியபோது சொன்ன குறைகளில் இதுவும் ஒன்று: வாசிப்பவர் தாமே செய்துகொள்ள வேண்டிய அலங்காரத்தை எல்லாம் இவர் ஸ்வரமாக எழுதித் தள்ளுகிறார், அதனால் பாட்டு மறைந்துபோகிறது என்று. எழுதி வைத்ததால்தான் 300 ஆண்டுகளுக்குப் பிறகு நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. நான் அவருக்குக் கடன்பட்டவன்.

தோடிப்பிரியன்

பாட்டு மறைந்துபோகிறது என்று அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது ஐயா. நீங்கள் ஸ்வரம் எழுதித் தராவிட்டால் எனக்குப் பாட்டு கேட்டிருக்காது.

தரங்கை ரூத்

அதற்குக் காரணம், இந்தப் பாட்டு உங்களுக்கு முன்பே தெரியாது என்பதுதான் சகோதரரே. பாக் யாருக்காக எழுதினாரோ அவர்களுக்கு இது சிறுவயதிலிருந்தே மனப்பாடம். முதல் இரண்டு ஸ்வரத்திலேயே சொற்கள் நாவுக்கு வந்துவிடும். பாட்டு மறைந்தாலும் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். தெரிந்த பாட்டின் மேல்தான் இவ்வளவு தூரம் அலைய முடியும்.

பாடலை எழுதியவர் ஸேபால்ட் ஹைடன், நியூரம்பர்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மெட்டு மத்தையுஸ் க்ரைட்டருடையது, 1525, ஸ்ட்ராஸ்பர்க். பாடலுக்கு 23 சரணம். இயேசுவின் பாடுகளை முழுவதுமாகச் சொல்லும் நீண்ட பாடல். ஆனால் முதல் சரணத்தின் 12 அடியிலேயே மொத்த வரலாறும் அடங்கிவிடுகிறது. பிதாவின் மடியை விட்டு வந்தார், கன்னியிடம் பிறந்தார், மரித்தோருக்கு உயிர் கொடுத்தார், நோய்களை நீக்கினார், வேளை நெருங்கியது, பலியானார், நம் பாவத்தின் பெரும்பாரத்தைச் சிலுவையில் நெடுநேரம் சுமந்தார். பாக் வாசிப்பது இந்தப் பன்னிரண்டு அடியைத்தான், வரிசை மாறாமல்.

எங்கள் வீடு லுத்தரன் வீடு என்பதால் எனக்கு இது அந்நியமாகத் தோன்றுவதில்லை. 1706இல் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். இந்தப் பிரெலூட் இடம்பெறும் "ஓர்கல்பியூக்லைன்" என்ற சிறு ஆர்கன் புத்தகத்தை பாக் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிக்கொண்டிருந்தது. புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழுந்தது. பிறகு வந்த ஃபப்ரீசியுஸ் ஜெர்மன் பாடல்களைத் தமிழில் ஆக்கினார். ஞானப்பாட்டு என்று இன்றும் நாங்கள் பாடுவதில் எத்தனையோ பாடல்களுக்கு மெட்டு அந்த ஜெர்மன் கோரல்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீகன்பால்கு படித்த ஹாலே நகரம் பாக்குக்கும் பழக்கமானது. 1713இல் அங்கே லீப்ஃபிராவன் ஆலயத்தில் அவருக்கு வேலை கொடுக்க முன்வந்தார்கள், அவர் போகவில்லை. 1716இல் அதே ஆலயத்தின் புதிய ஆர்கனைச் சோதித்துச் சான்று சொல்ல அழைத்தார்கள், போய்வந்தார்.

வெண்கட்டை தம்பி, உங்கள் சபையார் வயதானவர்களாக இருந்தால், பிரெலூட் வாசிப்பதற்கு முன் அந்த மெட்டை ஒரு முறை நேராக, நான்கு குரலில் வாசித்துவிடுங்கள். பிறகு பிரெலூடுக்குள் போங்கள்.

கலங்கரை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பாவம், பலி என்ற சொற்கள் எனக்கு எதுவும் செய்வதில்லை. ஆனாலும் இந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. வேலை முடிந்து வந்து விளக்கைப் போடாமல் கேட்டிருக்கிறேன். ஜெர்மன் சொல் ஒன்றுகூட அப்போது தெரியாது. அப்படியானால் சொற்கள் தெரிந்தால்தான் இது புரியும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பிற்கால ஜெர்மன் இசையமைப்பாளர் மாக்ஸ் ரேகர் இதையே கம்பி வாத்தியக் குழுவுக்கு மாற்றி எழுதினார். அதை ஆலயத்தில் அல்ல, கச்சேரி மேடையில் வாசிக்கிறார்கள். அங்கே எந்தச் சபையும் இல்லை, எந்தப் பாட்டுப் புத்தகமும் இல்லை. ஆனாலும் அதே கனம்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. க்ரைட்டரின் இதே மெட்டைத்தான் ஜெனீவாவில் 68ஆம் சங்கீதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். "தேவன் எழுந்தருளுவார், அவருடைய சத்துருக்கள் சிதறுண்டுபோவார்கள்" என்ற சங்கீதம் அது. ஃபிரான்சின் ஹியூகனாட் (புராட்டஸ்டண்ட்) படைகள் அதைப் போர்ப்பாட்டாகப் பாடிக்கொண்டு களத்துக்குப் போனார்கள். அதே ஸ ஸ ரி க, ஸ க ம ப! போருக்கும் பொருந்துகிறது, புலம்பலுக்கும் பொருந்துகிறது. பாட்டில் துக்கம் இல்லை. பாக் செய்த வேலையில்தான் துக்கம் இருக்கிறது. அந்த வேலை சொற்களைத் தாண்டியது.

தரங்கை ரூத்

68ஆம் சங்கீதம் பற்றி நீங்கள் சொன்னது சரி. மெட்டில் துக்கம் இல்லை என்பதும் சரியே, முழு மேஜர் அது. ஆனால் பாக் செய்த வேலை எங்கே, எந்த இடத்தில் என்று கேட்டுப் பாருங்கள். பலியைச் சொல்லும் அடிகள் வருகிறபோதுதான் பெடல் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏறத் தொடங்குகிறது. அதற்கு முன் பெடல் அப்படி நடக்கவில்லை. சிலுவையில் நெடுநேரம் என்ற கடைசி அடியில்தான் அவர் அடாஜிஸ்ஸிமோ எழுதுகிறார். சொற்களை எடுத்துவிட்டால் இவை ஏன் இந்த இடத்தில் வருகின்றன என்பதற்கு உங்களிடம் விடை இருக்காது.

கலங்கரை

விடை எனக்குத் தேவையில்லை என்பதே என் கட்சி. பெடல் அப்படி ஏறும்போது இறுகுகிறது, பிறகு தளர்கிறது. காரணம் தெரியாமலே அது நடந்துவிடுகிறது.

மிதிபலகை

இந்த வாதம் பழையது. பாரிஸில் ஸாங் ஸுல்பீஸ் ஆலயத்து ஆர்கனிஸ்ட் விடோர், ஃபிரான்சின் பெரிய வாசிப்பாளர்களில் ஒருவர். பாக்கின் ஃபியூக்குகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கோரல் பிரெலூடுகள் மட்டும் புதிராக இருந்தன. ஏன் திடீரென்று இங்கே போக்கு மாறுகிறது, ஏன் அங்கே இப்படி ஒரு தாளம் என்று அவருக்கு விளங்கவில்லை. 1890களில் அவரிடம் படிக்க வந்த ஆல்பர்ட் ஷ்வைட்சரிடம் ஒரு நாள் இதைச் சொன்னார். ஷ்வைட்சர் ஆல்சாஸில் பாதிரியார் வீட்டில் பிறந்தவர், பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். அடியில் இருக்கும் சொற்கள் தெரிந்தால்தான் இவை விளங்கும் என்று சொல்லி, நினைவிலிருந்தே ஒவ்வொரு பாட்டையும் ஃபிரெஞ்சில் சொன்னாராம். விடோர் அதை எழுதித் தரச் சொல்லப்போய், அது வளர்ந்து 1905இல் பாக்கைப் பற்றிய முழு நூலாகவே வந்தது. ஷ்வைட்சர் ஆப்பிரிக்காவுக்கு மருத்துவராகப் போனதெல்லாம் அதற்குப் பிறகு.

கலங்கரை சொல்வதையும் நான் தள்ளிவிட மாட்டேன். விடோர் சொற்கள் தெரியாமலே இந்த இசையைப் பல ஆண்டு நேசித்தவர்தான். கேட்பதற்குச் சொற்கள் தேவையில்லாமல் இருக்கலாம். வாசிப்பதற்குத் தேவை. எங்கே மூச்சு விடுவது, எந்த அடியைத் தாங்குவது என்பதை விரல்கள் வேறு எங்கிருந்து கற்றுக்கொள்ளும்?

கலங்கரை

இதை ஏற்கிறேன் ஐயா. வாசிப்பவரின் பொறுப்பு வேறு.

எர்ஃபுர்ட் வாசி

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். நான் இருப்பது ஜெர்மனியின் எர்ஃபுர்ட்டில், வைமார் இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள். அந்தப் பாட்டு பிறந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

பாக் 1708 முதல் 1717 வரை வைமார் அரண்மனையில் இருந்தார். அங்கே அரண்மனை ஆலயத்துக்கு ஹிம்மெல்ஸ்பர்க், அதாவது விண்கோட்டை என்று பெயர். குறுகலான, மிக உயரமான கட்டடம். ஆர்கன் தரையில் இல்லை, பக்கத்து மாடத்திலும் இல்லை. கூரையில் ஒரு திறப்பு விட்டு, அதற்கும் மேலே உள்ள மாடத்தில் வைத்திருந்தார்கள். கீழே அமர்ந்திருந்தவர்களுக்கு வாசிப்பவர் கண்ணில் பட மாட்டார், ஒலி மட்டும் மேலேயிருந்து இறங்கி வரும். 1774இல் அரண்மனை தீப்பிடித்தபோது ஆலயமும் ஆர்கனும் அழிந்துவிட்டன. இன்று போனால் அந்த ஆலயத்தைப் பார்க்க முடியாது. நான் முதல் தடவை போய் அரண்மனை முற்றத்தில் நின்றபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது.

அந்த ஆர்கன் புத்தகத்தின் மூலப் பிரதி மட்டும் தப்பியது. பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. பாக் டிஜிட்டல் இணையதளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. கட்டாயம் பாருங்கள். ஆண்டு முழுவதற்குமான பாடல்கள் என்று திட்டமிட்டு 164 பாடல்களுக்குப் பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் பெயரை மட்டும் முதலில் எழுதிவிட்டார். அவற்றில் எழுதி முடித்தவை 46. மற்றப் பக்கங்களில் பெரும்பாலும் பெயரும் வெற்றுக் கோடுகளும்தான். இடம் போதாத சில இடங்களில் ஸ்வரக் குறிகளை விட்டுவிட்டு, பழைய ஜெர்மன் எழுத்துக் குறியீட்டில் நெருக்கி எழுதி முடித்திருக்கிறார்.

நம் பாட்டு இருக்கும் அதே பாடுகள் பகுதியில் "ஓ ட்ராவ்ரிக்கைட்" என்ற பாட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. "மோல்ட் அடாஜியோ" என்று எழுதி, ஏறத்தாழ இரண்டு பார் மட்டும் தொடங்கிவிட்டு நிறுத்தியிருக்கிறார். திரும்பவே இல்லை. 622ஐ எழுதிய கை, அதே மாதிரி மெதுவான இன்னொன்றைத் தொடங்கிவிட்டு ஏன் விட்டது என்று அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

தோடிப்பிரியன்

164இல் 46! மீதி 118 பாட்டும் அவர் கையால் வந்திருந்தால்!

ஒரு கேள்வி. முடிவுக்குச் சற்று முன், எல்லாம் அடங்கி வரும் இடத்தில், திடீரென்று வேறு ஊருக்குப் போனது போல ஒரு கார்டு வருகிறதே, அது என்ன? இரண்டாம் முறை கேட்கும்போது அதற்காகவே காத்திருந்தேன்.

மிதிபலகை

அதுதான் சி ஃப்ளாட் மேஜர். இந்தப் பாட்டைப் பற்றி யார் பேசினாலும் அந்தக் கார்டில்தான் வந்து நிற்பார்கள். உங்களுக்கு உங்கள் வழியிலேயே சொல்கிறேன். பாட்டு முழுவதும் சங்கராபரண மேளத்தின் ஸ்வரங்களில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், வழியில் அந்நிய ஸ்வரங்கள் எவ்வளவு வந்தாலும். அதாவது சதுஸ்ருதி தைவதம், அந்தர காந்தாரம். முடிவில் இவர் சுத்த தைவதத்தையே கீழே ஆதாரமாக நிறுத்தி, மேலே ஸட்ஜமும் சாதாரண காந்தாரமும் வைக்கிறார். ஸட்ஜம் மட்டும் பழைய இடத்தில் இருக்கிறது. மற்ற இரண்டும் இறங்கிவிட்டன. தரை கீழே போய்விட்டது போல இருப்பது அதனால்தான். பிறகு அவசரமே இல்லாமல் ஈ ஃப்ளாட் மேஜருக்குத் திரும்பி முடிக்கிறார்.

கீபோர்டில் அது பி, டி ஷார்ப், எஃப் ஷார்ப் என்ற மூன்று கட்டைகள். இன்றைய சம ஸ்ருதியில் அது மற்ற மேஜர் கார்டுகள் போலவே ஒலிக்கும். அதற்கு முந்தைய தலைமுறைகளின் மீன்டோன் ஸ்ருதி அமைப்பில் அதே மூன்று கட்டைகளை அழுத்தினால் காதைக் கீறும். அந்த அமைப்பில் டி ஷார்ப் கிடையாது, ஈ ஃப்ளாட் மட்டுமே உண்டு. அப்படிப்பட்ட ஆர்கன்கள் ஊருக்கு ஊர் இருந்த காலத்தில் இந்தக் கார்டை எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

தோடிப்பிரியன்

சுத்த தைவதம்! ஆமாம், ஆமாம். காதுக்குத் தெரிந்திருக்கிறது, பெயர் சொல்லத்தான் தெரியவில்லை.

தரங்கை ரூத்

அந்தக் கார்டு வருவது சிலுவையில் நெடுநேரம் என்ற அடியில் என்பதைக் கலங்கரைக்கு மட்டும் ஒரு முறை நினைவுபடுத்துகிறேன். வாதத்துக்காக அல்ல.

பாக்கின் மத்தேயு பாடுகள் என்ற பெரிய இசைப்படைப்பைக் கேட்டவர்களுக்கு இன்னொரு செய்தி. அதன் முதல் பாகத்தின் முடிவில் வரும் பெரிய குழுப்பாடல் இதே பாட்டுதான். பாக் அதை முதலில் 1725இல் யோவான் பாடுகள் என்ற தம் இன்னொரு படைப்பின் தொடக்கத்துக்கு வைத்திருந்தார், 1736இல் மத்தேயுவுக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் அங்கே நடை வேறு. புல்லாங்குழல்களும் ஓபோக்களும் இடைவிடாமல் நெய்துகொண்டே போக, நடுவே பாட்டு தெளிவாக, அலங்காரம் இல்லாமல் வருகிறது. பாட்டு என்னவென்று காதில் ஏற்றிக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. முதலில் அதை, பிறகு 622ஐக் கேளுங்கள்.

கலங்கரை

கேட்டேன் சகோதரி. இரண்டையும் கேட்டேன். எந்த அடி எங்கே வருகிறது என்று எழுதி வைத்துக்கொண்டே கேட்டேன். முன்பு பொதுவாகக் கனமாக இருந்தது. இப்போது நோய்களை நீக்கினார் என்ற அடி வரை ஓரளவு இலேசாகவே இருக்கிறது, அதன் பிறகுதான் இறங்குகிறது என்று தெரிகிறது. ஒரு மனிதனின் வாழ்க்கை என்று எடுத்துக்கொண்டு கேட்கிறேன். எனக்கு அது போதும்.

வெண்கட்டை

எல்லோருக்கும் நன்றி. மிதிபலகை ஐயா சொன்னபடி அலங்காரத்தை நீக்கிவிட்டு வெறும் பாட்டை வலது கையிலும், கீழே மற்றக் குரல்களை அப்படியே இடது கையிலும் பெடலிலும் வாசித்தேன். பாதிக்கு மேல் தானாகவே சரியாகிவிட்டது. வேகம் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக வந்து நிற்கிறது. அலங்காரத்தைத் திரும்பச் சேர்த்தபோது, எந்த ஸ்வரம் பாட்டைச் சேர்ந்தது, எது வழிப்போக்கு என்று விரலுக்குத் தெரிகிறது.

ஆர்கனின் குரலைத் தேர்ந்தெடுக்கும் ஸ்டாப்புகள் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் கருவியில் வலது கைக்கு செஸ்குவியால்டெரா இருக்கிறது. ஒலியை நடுங்கவைக்கும் ட்ரெமுலண்டும் இருக்கிறது. எதைப் போடுவது?

எர்ஃபுர்ட் வாசி

இங்கே கேட்டதில் இரண்டு வழிகள் உண்டு. செஸ்குவியால்டெராவை 8 அடி குழலோடு (இங்கே அடி என்பது குழலின் நீளம்; 8 அடி எழுதிய ஸ்ருதியிலேயே ஒலிக்கும்) சேர்த்துச் சற்று மூக்கால் பாடுவது போன்ற குரலில் வாசிப்பவர்கள் ஒரு பக்கம். ஒரே ஒரு 8 அடி பிரின்சிபல் (ஆர்கனின் அடிப்படைக் குரல்), அதோடு மெல்லிய ட்ரெமுலண்ட், வேறு எதுவும் இல்லை என்பவர்கள் இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவது பிடிக்கும்.

மிதிபலகை

செஸ்குவியால்டெரா தெரியாதவர்களுக்கு: ஒரு கட்டையை அழுத்தினால் அடிப்படை ஸ்வரத்தோடு அதன் மேல்ஸ்தாயிப் பஞ்சமமும் அதற்கும் மேலே அந்தர காந்தாரமும் தனிச் சிறு குழல்களில் சேர்ந்து ஒலிக்கும். தனித்தனியாகக் கேட்காது, ஒரே குரலாகக் கலந்து, கூர்மையாக முன்னே வரும். அலங்காரம் நிறைந்த பாட்டுக்கு இந்தக் கூர்மை உதவும், ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக விழும். ஆனால் அது உங்கள் ஆலயத்தைப் பொறுத்தது. ஓட்டுக் கூரை, மரப் பலகைகள், ஒலி உடனே அடங்கிவிடும் என்றால் பிரின்சிபல் தனியாக நன்றாக நிற்கும். உயர்ந்த கற்சுவர்கள், ஒலி சுழன்றுகொண்டே இருக்கும் என்றால் செஸ்குவியால்டெரா இல்லாமல் பாட்டு கலங்கிவிடும். ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து இரண்டையும் வாசித்துக் கேளுங்கள். வாசிப்பவரின் காது இதில் நம்பத் தகாதது, நாம் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

இடது கைக்கு மெல்லிய 8 அடி ஃபுளூட் போதும். ட்ரெமுலண்டைப் பாட்டின் தொடக்கத்திலிருந்தே வையுங்கள், அல்லது வைக்கவே வைக்காதீர்கள். அந்த சி ஃப்ளாட் கார்டுக்காக நடுவில் ஸ்டாப் மாற்றுவது, ஒலி கூட்டுவது எதுவும் வேண்டாம். நிறுத்தி நிதானமாக விரல்களை வையுங்கள், அடாஜிஸ்ஸிமோ என்ற இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடாதீர்கள். முன்னதாகக் குறைத்தால் அங்கே குறைப்பதற்கு எதுவும் மிஞ்சாது. இதுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம்.

வெண்கட்டை

பெடலில் 16 அடி மட்டும் வைத்தால் போதுமா ஐயா?

மிதிபலகை

போதாது. ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் 16 அடி தனியாக இருந்தால் எலெக்ட்ரானிக் ஆர்கனில் வெறும் உறுமலாகக் கேட்கும், சகோதரி சொன்ன அந்த அரை ஸ்வர ஏற்றம் யாருக்கும் விளங்காது. ஒரு மெல்லிய 8 அடியையும் சேருங்கள். அந்த இடத்தில் பெடல் ஸ்வரங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல், நூலிழை இடைவெளி விட்டு மிதியுங்கள். அதற்கு எந்தப் பாதம், நுனியா குதியா என்று பென்சிலால் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஆராதனை அன்று யோசிக்க நேரம் இருக்காது.